பிளாஸ்க் வாங்கப் போகிறீர்களா? பார்த்து வாங்குங்கள்

குமரி மாவட்டத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஊட்டியைப் போல இங்கே புல்லின் மேல் உறைபனி படிவதில்லை. ஆனாலும் மணவாளக்குறிச்சியை அடுத்த சின்னவிளை, பெரியவிளை கரைகளிலிருந்து இருட்டோடு வள்ளம் தள்ளிப் போகிறவர்களுக்குக் குளிர் எது என்று நன்றாகவே தெரியும். அலையைத் தாண்டுவதற்குள் உடம்பு நனைந்துவிடும். நனைந்த துணியோடு காற்றில் உட்கார்ந்திருக்கும் உடம்பு, உலர்ந்த உடம்பைவிட மிக விரைவில் சூட்டை இழக்கிறது. வலையை இழுக்கும் நேரத்தில் விரல் மரத்துப் போனால் வேலை கெடும், ஆபத்தும் உண்டு.

வடக்கே குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களிலும் இதே கதைதான். பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும். இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதிகம் பால் கிடைக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களே மழையும் பனியும் உள்ள மாதங்களாகவும் அமைந்திருக்கின்றன.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் மார்கழி, தை இரவுகளில் மடையடியில் நின்றாக வேண்டும். இவர்கள் மூவருக்கும் பக்கத்தில் சாயாக்கடை கிடையாது. வீட்டிலிருந்து கொண்டு போவதுதான் வழி. ஆகவே இவர்களுக்குப் பிளாஸ்க் ஆடம்பரப் பொருள் ஆகாது. பால்வெட்டும் கத்தி, வலை, மண்வெட்டி போல அதுவும் ஒரு தொழில் கருவி. கருவியைச் சோதித்து வாங்குவது போலப் பிளாஸ்கையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? பெயின்ட் பளபளப்பையும், அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் "24 மணி நேரம்" என்ற வாசகத்தையும் பார்த்து வாங்கி விடுகிறோம். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் வருகிறது. பிளாஸ்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று அதைப் பரணில் ஏற்றி விடுகிறோம். உண்மையில் சூடு எதனால் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டம் வராது.

கணக்குப் பார்த்தாலும் இது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் நாளைக்கு இரண்டு டீ, டீ ஒன்று 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 வேலை நாட்களுக்கு 600 ரூபாய் ஆகிறது. வீட்டில் போட்டுக்கொண்டு போனால் இதில் பெரும்பகுதி மிச்சம். நல்ல பிளாஸ்க் தன் விலையைச் சில மாதங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். மோசமான பிளாஸ்க் வாங்கினால் அந்த விலையும் போச்சு, கடைக் காசும் போச்சு.

சூடு நிற்பது எப்படி?

சூடு மூன்று வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, பாத்திரத்தின் சுவர் வழியாகக் கடந்து போவது. சுடுசாதக் கரண்டியின் காம்பு சுடுவது இதனால்தான். இரண்டு, சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது. மூன்று, அடுப்புக்கு எதிரே நின்றால் முகத்தில் படுவது போல, எதையும் தொடாமலே கதிராக வீசுவது.

இந்த மூன்று வழியையும் ஒரே பாத்திரத்தில் அடைத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டிவார் என்ற விஞ்ஞானி. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் காற்று போன்ற வாயுக்களைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஆராய்ந்து வந்தார். அந்தத் திரவங்கள் ஆவியாகாமல் நிற்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. 1892-ல் ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் இன்னொன்றை வைத்து, வாயில் இரண்டையும் ஒட்டி, இடையில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். காற்றில்லாத இடத்தில் முதல் இரண்டு வழிகளும் அடைபட்டன. கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்ததும் கதிரும் திரும்பி உள்ளேயே போயிற்று.

குளிரைக் காக்கச் செய்த பாத்திரம் சூட்டையும் காக்கும் என்பதைக் கண்டு அதை வியாபாரம் ஆக்கியவர்கள் ஜெர்மானியர்கள். பெர்லின் கண்ணாடித் தொழிலாளி ரைன்ஹோல்ட் பர்கர் 1903-ல் இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். சூடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு தெர்மாஸ் என்ற பெயரும் 1904-ல் வந்தது. டிவார் காப்புரிமை எடுக்காமல் விட்டதால் அவருக்கு இதில் காசு எதுவும் கிடைக்கவில்லை.

இன்று கடையில் தொங்கும் எந்தப் பிளாஸ்கும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. எனவே வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே. இரண்டு சுவர்களுக்கு இடையே வெற்றிடம் உண்மையாகவே இருக்கிறதா? மூடி சூட்டை விடாமல் பிடிக்கிறதா? மற்றதெல்லாம் பெயின்டும் படமும்தான்.

மூன்று வகைப் பிளாஸ்குகள்

முதல் வகை, உள்ளே கண்ணாடிப் புட்டி உள்ள பழைய பிளாஸ்க். சூட்டை நிறுத்துவதில் இதைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி வழியாகச் சூடு மெதுவாகவே கடக்கும் என்பதால் வாய்ப்பக்கம் இழப்புக் குறைவு. காப்பியின் மணமோ சுக்கின் காரமோ கண்ணாடியில் ஒட்டாது. விலையும் குறைவு. ஒரே குறை, விழுந்தால் உடையும். வீட்டில், கடையில், நோயாளி பக்கத்தில் வைக்க இது போதும். வள்ளத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது சரிப்பட்டு வராது.

இரண்டாம் வகை, உள்ளும் புறமும் எவர்சில்வர் தகடாக, இடையில் வெற்றிடம் உள்ளது. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி என்பவர் 1913-லேயே முழுவதும் எஃகாலான பிளாஸ்கைச் செய்து காட்டினார். எடை குறைந்த எவர்சில்வர் பிளாஸ்குகள் பரவலானது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். தோட்டம், கடல், வயல் வேலைக்கு இதுவே ஏற்றது.

மூன்றாம் வகைதான் ஏமாற்றத்துக்கு இடம் தருவது. பார்க்க எவர்சில்வர் பிளாஸ்க் மாதிரியே இருக்கும். ஆனால் சுவர்களுக்கு இடையே இருப்பது வெறும் காற்றோ, பஞ்சு போன்ற நுரைப்பொருளோதான். "இரட்டைச் சுவர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள் இல்லை. பள்ளிக்குழந்தை தண்ணீர் கொண்டு போக அது போதும். இரவு இரண்டு மணிக்கு ஊற்றிய சாயா காலை எட்டு மணிக்குச் சூடாக இருக்க வேண்டும் என்றால் போதாது. பெட்டியிலும் அடிப்பாகத்திலும் "வாக்குவம்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

திங்கள்சந்தையிலோ நாகர்கோவிலிலோ வாங்கப் போகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்கினால் பிழை வராது.

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீட்டு உபயோகப் பிளாஸ்க், சூடுகாக்கும் புட்டி, பாத்திரம் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 2023-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. முத்திரையும் அதனுடன் உரிம எண்ணும் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

2. உலோக ரகம். உள்சுவர் 304 என்ற ரக எவர்சில்வராக இருப்பது நல்லது. இதை 18-8 என்றும் எழுதுவார்கள். நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்று பொருள். 201 என்ற ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை மலிவு, உப்புக்கும் புளிப்புக்கும் விரைவில் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். இதை நம்ப வேண்டாம். இரண்டு ரகமுமே காந்தத்தை இழுப்பதில்லை. அடித்து வளைத்த இடத்தில் நல்ல 304-உம் லேசாக ஒட்டக் கூடும்.

3. வாய் அகலம். சூடு அதிகமாகப் போகும் இடம் வாயும் மூடியும்தான். குடிப்பதற்கு மட்டும் என்றால் குறுகிய வாய் உள்ளது நல்லது. ஆனால் கழுவப் பிரஷ் நுழைய வேண்டும். கஞ்சி, ரசம் கொண்டு போகிறவர்கள் அகன்ற வாய் வாங்கலாம். அதில் சூடு சற்று முன்னதாகக் குறையும்.

4. மூடி. பொத்தானை அமுக்கினால் ஊற்றும் மூடி வசதியானதுதான். ஆனால் அதன் உள்வழியில் சாயா தங்கும், கழுவுவது கடினம், நாளடைவில் கசியும். திருகி மூடும் தடித்த அடைப்பே சூட்டை நன்றாகக் காக்கும். அடைப்பைச் சுற்றியுள்ள வாஷர் கழற்றிக் கழுவக் கூடியதாக இருக்க வேண்டும். மாற்று வாஷர் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. கண்ணாடிப் பிளாஸ்க் என்றால் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். வெள்ளிப் பூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். திட்டுத்திட்டாக உரிந்தோ கறுத்தோ இருந்தால் வேண்டாம். மெல்ல ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. காதில் வைத்து "ஊ" என்ற ஓசை கேட்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். எந்தப் புட்டியைக் காதில் வைத்தாலும் அந்த ஓசை கேட்கும். அதனால் வெற்றிடம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடாது.

கொதிநீர்ச் சோதனை

வெற்றிடம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் காண முடியாது. கையால் காணலாம். எவர்சில்வர் பிளாஸ்கில் நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை நிரப்பி மூடிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு வெளிச்சுவரை அடியிலிருந்து மேலாகத் தடவிப் பார்க்க வேண்டும். கழுத்தோரம், மூடிக்குக் கீழே ஒரு விரல் அளவு சூடு தட்டலாம். உள்சுவரும் வெளிச்சுவரும் அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கின்றன, அது குறையல்ல. ஆனால் இடுப்புப் பகுதியோ அடிப்பகுதியோ சுட்டால் வெற்றிடம் இல்லை, அல்லது போய்விட்டது என்று பொருள். கடைக்காரர் சம்மதித்தால் பக்கத்து டீக்கடையில் கொதிநீர் கேட்டு அங்கேயே சோதித்துவிடலாம். இல்லையென்றால் பில் வாங்கிக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொல்ல வைத்து, அன்றைக்கே வீட்டில் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை ஆறு மணி நேரச் சோதனை. கொதிநீரை நிரப்பி மூடி ஆறு மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். பால் பண்ணையில் பயன்படும் 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இருந்தால் அளந்து பார்க்கலாம். நல்ல வெற்றிடப் பிளாஸ்கில் அரை லிட்டர் அளவானால் 70 டிகிரி சென்டிகிரேடு அருகிலும், ஒரு லிட்டர் அளவானால் 80 டிகிரி அருகிலும் நிற்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை ஒருபோதும் இதில் விடக்கூடாது. அது 42 டிகிரி வரைதான் தாங்கும், வெடித்துவிடும்.

யாருக்கு எந்த அளவு?

பெரிய பிளாஸ்கில் சூடு அதிக நேரம் நிற்கும். உள்ளே இருக்கும் பானம் கூடுகிற அளவுக்குச் சூடு தப்பும் பரப்புக் கூடாததே காரணம். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு போகும். பாதி காலியான பிளாஸ்க் விரைவில் ஆறும். இதைக் கணக்கில் கொண்டு வாங்க வேண்டும்.

தனியாகத் தோட்டத்துக்குப் போகிற பால்வெட்டுக்காரர் ஒருவருக்கு அரை லிட்டர் போதும். வெட்டு முடிந்து ஒரு தடவை, பால் சேகரித்து முடிந்து ஒரு தடவை குடிக்கலாம். வள்ளத்தில் நாலைந்து பேர் போகிறார்கள் என்றால் இரண்டு லிட்டர் பிளாஸ்க் ஒன்றைவிட ஒரு லிட்டர் பிளாஸ்க் இரண்டு வாங்குவது மேல். போகும்போது ஒன்றைத் திறந்து முடிக்கலாம். இரண்டாவது, வலை இழுத்துத் திரும்பும் வரை திறக்கப்படாமலே சூடாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது உதவும். நடவுக்கும் அறுவடைக்கும் பத்துப் பேருக்குச் சாயா கொண்டு போகிறவர்கள் அடியில் குழாய் வைத்த பெரிய பாத்திரம் வாங்கலாம்.

கடலில் கொண்டு போகும் பிளாஸ்கைக் கயிறு கட்டி வைக்க வேண்டும். உருண்டு இடிபட்டால் வெளிச்சுவர் நசுங்கும். நசுங்கிய இடம் உள்சுவரைத் தொட்டுவிட்டால் அங்கே சூடு பாலம் கட்டினாற்போல் வெளியே ஓடிவிடும். சின்ன நசுங்கல்தானே என்று விடக்கூடாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். எவர்சில்வரானாலும் உப்புத் தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழும்.

ஊற்றும் முறை

நல்ல பிளாஸ்க் வாங்கியும் சூடு நிற்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஊற்றுவதில் தவறு செய்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் கழுவிய குளிர்ந்த பிளாஸ்கில் அப்படியே சாயாவை ஊற்றினால், உள்சுவரைச் சூடாக்கவே பானத்தின் சூடு கொஞ்சம் செலவாகிவிடும். முதலில் சுடுநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு பானத்தை ஊற்ற வேண்டும். கண்ணாடிப் பிளாஸ்கில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சுடுநீர் என்று ஊற்ற வேண்டும். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் காணும்.

ஆற்றிய சாயாவை ஊற்றக் கூடாது. கொதி இறக்கியதும் ஊற்ற வேண்டும். சர்க்கரையோ கருப்பட்டியோ அடுப்பிலேயே கலந்துவிட வேண்டும். அடைப்பு நனையாத அளவுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்ப வேண்டும். மேலே இடம் விட்டால் அங்கே காற்று நிற்கும். அந்த அளவுக்குச் சூடு குறையும்.

குடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நல்ல பிளாஸ்கிலிருந்து வரும் சாயா நாக்கைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல் எச்சரித்தது. எனவே பிளாஸ்கில் வாய் வைத்துக் குடிக்காமல், மூடிக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் குடிப்பது நல்லது.

பால் கலந்தால் ஆபத்து

சூடு நிற்கிறது என்பதற்காக எதையும் பிளாஸ்கில் வைத்துவிட முடியாது. பால் கலந்த டீயும் காப்பியும் கெடக் கூடியவை. நோய்க்கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நன்றாகப் பெருகும். பிளாஸ்கில் பானம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நிற்கும் பல மணி நேரமும் கிருமிக்கு அடைகாத்துக் கொடுப்பது போலத்தான். பாலைக் காய்ச்சினாலும் சில கிருமிகளின் வித்துக்கள் சாகாமல் நின்று பிறகு முளைக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆன பால் சாயாவை, மணம் மாறவில்லை என்றாலும், குடிக்காமல் இருப்பதே நலம்.

நெடுநேரம் வெளியே இருப்பவர்களுக்குக் கட்டன் சாயா, சுக்குக் காப்பி, கருப்பட்டிக் காப்பி ஆகியவை ஏற்றவை. பால் சேர்த்தே பழக்கம் என்றால் கொதிநீரை மட்டும் பிளாஸ்கில் கொண்டு போய், அங்கே தேயிலையும் பால்பொடியும் கலந்துகொள்ளலாம். கைக்குழந்தைக்குக் கரைத்த பாலைப் பிளாஸ்கில் சூடாக வைத்து இரவில் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதை அடியோடு நிறுத்த வேண்டும். கொதித்த நீரைப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது புதிதாகக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு.

கழுவுதல்

வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தைக் கொட்டி, வாஷரைக் கழற்றி, சுடுநீரில் கழுவ வேண்டும். மூடியைத் திறந்தே கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மூடி வைத்தால் வாடை வரும். வாஷரில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். உள்ளே பழுப்புக் கறை படிந்தால் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைச் சுடுநீரில் கலந்து ஊற்றி, மூடாமல் அரை மணி நேரம் வைத்துப் பிரஷால் தேய்த்தால் போய்விடும். கிணற்று நீரின் உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தால் வினிகர் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவலாம். மணலையும் சாம்பலையும் இரும்பு நாரையும் உள்ளே விடக் கூடாது. பிளீச்சிங் பவுடர் எவர்சில்வரை அரிக்கும், அதுவும் கூடாது.

கண்ணாடிப் பிளாஸ்க் கீழே விழுந்து உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் அதில் உள்ளதை வடிகட்டிக்கூடக் குடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்கு இருக்கும். அப்படியே கொட்டிவிட வேண்டும்.

அமிலம் ஊற்றாதீர்கள்

பழைய பிளாஸ்கைத் தூக்கி எறிய மனம் வராமல் வேறு எதற்காவது பயன்படுத்துவது நம் வழக்கம். ரப்பர் வீடுகளில் பால் உறைய வைக்கப் பார்மிக் அமிலம் இருக்கும். வயல்காரர் வீட்டில் பூச்சிமருந்து இருக்கும். குடிக்கும் பாத்திரம் என்று வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றில் இவற்றை ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து. இருட்டில், தாகத்தில், பழக்கத்தில் எடுத்து வாயில் வைத்துவிடுவார்கள். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமிலமும் மருந்தும் வந்த புட்டியிலேயே, லேபிளோடு, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

பழைய பிளாஸ்குக்கு நல்ல வேலை ஒன்று உண்டு. கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குச் சட்டைப்பையில் கொண்டு வந்தால் வழியிலேயே மருந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போட்டும் கோழி செத்தது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். வெற்றிடம் கெடாத, அகன்ற வாய்ப் பிளாஸ்கில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக் கொண்டு வர வேண்டும். கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். இதற்கென்று ஒதுக்கிய பிளாஸ்கைப் பிறகு குடிக்கப் பயன்படுத்தக் கூடாது.

மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கொண்டு வரும் பெரிய அலுமினியக் கலனும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் உறைவிந்து காக்கப்படுகிறது. டிவார் கண்ட பாத்திரம் இன்று மாட்டுத் தொழுவம் வரை வந்திருக்கிறது.

பிளாஸ்க் இல்லாதவர்களுக்கு

வாங்க இப்போது வசதி இல்லை என்பவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். இந்தக் கடற்கரைக்குப் பழக்கமான தென்னை நாரே சூட்டைக் காக்கும் நல்ல பொருள். நாருக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. மணவாளக்குறிச்சிக் கயிறு ஒரு காலத்தில் கடல் கடந்து போனது. அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் தாதுவைக் கண்டு, இந்த ஊர் மணலைத் தேடி வந்தார். இன்றும் இங்கே மணல் ஆலை நடக்கிறது.

ஒரு மரப்பெட்டியிலோ தடித்த அட்டைப் பெட்டியிலோ நன்றாக உலர்ந்த தென்னை நாரை நாலு விரல் கனத்துக்கு அடியிலும் சுற்றிலும் திணிக்க வேண்டும். நடுவில் மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டி இறுக்கமாக உட்காரும்படி குழி விட வேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சாயாவையோ கஞ்சியையோ ஊற்றி மூடி, துணி சுற்றிக் குழியில் வைத்து, மேலே நார் அடைத்த தலையணை ஒன்றை வைத்து மூட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் குடிக்கத் தக்க சூடு இருக்கும். நாருக்குப் பதில் வைக்கோலும் ஆகும். நார் நனைந்தால் பயன் இல்லை. வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைக்க வேண்டும். வயலுக்குக் கொண்டு போக இது போதும். கடலுக்கும் மலைத்தோட்டத்துக்கும் போகிறவர்கள் பணம் சேர்த்து எவர்சில்வர் வெற்றிடப் பிளாஸ்க் வாங்குவதே சரி.

வாங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன், அந்தக் கொதிநீர்ச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். வெளிச்சுவர் சுட்டால் அதன் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவர் குளிர்ந்து, மூடி மட்டும் கசிந்தால் வாஷரை மாற்றினால் போதும். பத்து நிமிட வேலைதான். விடியற்காலை மூன்று மணிக்கு நடுக்கடலில் மூடியைத் திருகும்போது ஆவி எழும்புமா இல்லையா என்பது அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.